பெஞ்சிலிருந்து எழும் பெண்ணை வெட்டிவிடு

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நலமா, உன் வலது மணிக்கட்டு நலமா என்று இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டிய நிலைமை ஆகிவிட்டது. நானும் அம்மாவும் இங்கே சுகம். அம்மாவின் முட்டிவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, மழை வருமா வராதா என்று சொல்வதற்கு மட்டும் உதவுகிறது. மாடிக்குக் குடிவந்திருக்கும் பல் டாக்டர் வீட்டில் எங்கோ குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கிக்கொண்டே வருகிறது, சொல்லிவிட்டு வரலாம் என்று படியேறிப் போனேன், அவர்கள் சாப்பிடும் நேரமோ என்னவோ என்று மணியை அடிக்காமலே இறங்கி வந்துவிட்டேன். ஆபீஸ்ல உட்கார்ந்து ஊருக்கெல்லாம் குழாய்ப் படம் வரைஞ்ச மனுஷன், ஒரு குழாய் ஒழுகுதுன்னு சொல்ல வாய் வரலையா என்று உன் அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு அவளே போய்ச் சொல்லிவிட்டு, அந்த வீட்டம்மாவுக்கு நீ கல்லூரியில் செய்யும் கார்ட்டூன் படத்தைப் போனில் போட்டுக் காட்டிவிட்டும் வந்தாள். நான் எழுத வந்த விஷயமும் அந்தப் படம்தான். போனில் பேசலாம் என்றால் அம்மா எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிடுகிறாள், அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, அதனால்தான் கடிதம். நகல் கடையில் ஸ்கேன் செய்து உன் மெயிலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். கடைக்காரர் படிக்காமல் இருக்க வேண்டும்.

எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் கோர்வையாக வரும், தெரிந்ததையே சொல்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதே. உன் மணிக்கட்டு வீங்கி டாக்டர் பட்டை போட்டுவிட்டார், படமோ பாதியில் நிற்கிறது, கூடப் படிப்பவர்கள் அவரவர் படத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று நீ போனில் அழுத அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வெந்நீர் ஒத்தடம்கூடக் கொடுக்க முடியாத அப்பா எதற்கு என்று இருந்தது. அப்போதுதான் உன் அம்மா குறுக்கே புகுந்து, அப்பாதான் சும்மா இருக்காரே, ஆயுசு முழுக்க பென்சிலும் கையுமா இருந்தவர்தானே, அவரை வரையச் சொல்லேன்டி என்றாள். அப்பாவுக்கு எதுக்கும்மா சிரமம் என்று நீ இழுத்தாய். அந்த இழுப்பை நான் கவனித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

நீ அனுப்பியது உன் படத்தின் நடுநெஞ்சு என்று எனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் மறந்துவிட்டுப் போன சாமான்களைப் போட்டுவைக்கும் அறை, அதைத் துடைக்க வரும் பெண், களைத்துப்போய் பெஞ்சில் உட்கார்கிறாள். ஒற்றைச் செருப்பும் ஊன்றுகோலும் சாப்பாட்டுப் பாத்திரமும் தங்களை விட்டுப் போனவர்களை நினைத்துப் பாட ஆரம்பிக்கின்றன. அவள் அதைக் கேட்டு, நம்பலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி எழுந்து, துடைப்பத்தோடு ஆட ஆரம்பிக்கிறாள். அவள் உட்கார்ந்திருக்கும் படத்தையும் நிமிர்ந்து நிற்கும் படத்தையும் சுற்றுகிற படத்தையும் நீ வரைந்து அனுப்பினாய், இடையில் வருவதையெல்லாம் நான் வரைந்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு நேர்கோடு போட்டு அதில் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் வைத்திருந்தாய். எந்த இடத்தில் இடைப்படம் வரவேண்டும் என்பதற்கான அளவு அது என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் கோடுகள் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டும் மறுபக்கம் விலகி விலகியும் இருந்தன. பாவம் குழந்தை, சம அளவாக நாலு கோடு போடக்கூட முடியாத அளவுக்குக் கை வலித்திருக்கிறது என்று நினைத்தேன். டிவைடரை எடுத்து உன் கோடுகளை எல்லாம் சரிசெய்தேன் குட்டிமா. ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல் சமமாகப் பிரித்து, அதன்படி அவளை எழ வைத்தேன். அலுவலகத்தில் யார் தாளிலும் இவ்வளவு கவனமாக நான் வேலை செய்ததில்லை.

நீ துண்டுப் படத்தை அனுப்பி, சூப்பர்ப்பா, சேர்த்தாச்சு என்று சொன்னாய். உன் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மருந்துக் கடையில் காட்டினாள், பக்கத்து வீட்டு டீச்சருக்குக் காட்டினாள், உங்கள் கல்லூரித் திரையிடலை இணையத்தில் போடுவார்களாமே, அன்றைக்கு நம் ஹாலில் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும் என்று தெருவையே அழைத்துவைத்திருக்கிறாள். நாற்காலி போதாது என்று வேறு கவலைப்படுகிறாள். மாமாவும் வந்து பார்த்தார். அந்தக் காலத்தில் பாண்டு குழுவில் டிரம் அடித்தவர், பாட்டைக் கேட்டதும் தலையாட்டித் தொடையில் தட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடம் வந்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டார். திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, என்ன மாப்ளே, பாட்டு தயங்குது, இந்தப் பொம்பள தயங்க மாட்டேங்குதே, லிஃப்ட்ல ஏத்தி விட்ட மாதிரி வருதே என்றார். உங்களுக்கு எப்பவும் எங்க வீட்டுக்காரர் மேல ஒரு கண்ணு என்று அம்மா அண்ணனோடு சண்டைக்குப் போய்விட்டாள். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, அட, லிஃப்ட்டும் நல்ல லிஃப்ட்தானே தாயி என்று சொல்லிக் காபியைக் குடித்தார். அவர் போன பிறகு உன் தாள்களை எடுத்து ஓரத்தில் பார்த்தேன். ஒரு தாளில் கை நடுங்கியிருக்கலாம். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரியா நடுங்கும். அவள் எழும் இடத்தில் எல்லாம் கோடுகள் முதலில் நெருங்கித்தான் இருந்தன, டிரம் விழும் இடத்தில் விலகித்தான் இருந்தன. நெருங்கினால் மெல்ல அசைவாள், விலகினால் சட்டென்று எழுவாள், அது தயக்கம். நீ அளந்து வைத்திருந்த தயக்கத்தை நான் பிழை என்று திருத்தியிருக்கிறேன்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், அம்மா குளிக்கப் போயிருந்தாள். எடுத்தது நீ இல்லை, உன்னோடு தங்கியிருக்கும், உன் படத்துக்குப் பாட்டுப் போட்ட பெண். அவ இப்பதான் கண் அசந்தா அங்கிள், எழுப்பவா என்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் வரைந்தது எப்படியம்மா இருக்கிறது, உண்மையைச் சொல் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் வரவில்லை. அந்த ஒரு இடத்த எடுத்துட்டு வந்தாதான் படத்தக் கடைசித் திரையிடலுக்கு அனுப்புவேன்னு சார் சொல்லிட்டாரு அங்கிள், இவதான் முடியவே முடியாதுங்கறா, எங்கப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா வரைஞ்சதுன்னு சொல்லி அழறா என்றது. நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க என்றும் கேட்டுக்கொண்டது. சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே, நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

புதிதாக வரைந்து அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மனிதர் எப்படி எழுகிறார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உன் அம்மா நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்த்தேன். எழப்போகிறாள் என்பதே முதலில் தெரிவதில்லை, கை தொடைமேல் வருகிறது, தோள் கொஞ்சம் முன்னே சாய்கிறது, மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறாள், அப்புறம் சட்டென்று எழுந்து நிற்கிறாள், நின்ற பிறகுதான் முட்டி நினைவுக்கு வந்து முகம் சுளிக்கிறாள். என்னங்க, இன்னிக்குத்தான் பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கறீங்க என்றாள். இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. பார்த்ததை அப்படியே வரைய உட்கார்ந்தால் கை பழையபடி சமமாகத்தான் பிரிக்கிறது. நெருக்கிப் போட்டால் பிழை செய்கிறோமே என்று விரல் கூசுகிறது. மாமாவை வரவழைத்துப் பக்கத்தில் தாளம் தட்டச் சொல்லிக்கூட வரைந்து பார்த்தேன், இந்தத் தடவை அவள் எழவே இல்லை, பெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டாள். எல்லாவற்றையும் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். என்னால் ஆகவில்லை குட்டிமா. உதவவும் முடியவில்லை, செய்த உதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அது உன் கையில் இருக்கிறது.

அதனால் பெஞ்சிலிருந்து எழும் அந்தப் பெண்ணை, நான் வரைந்ததை, வெட்டிவிடு. நான் உன்னை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை, படிப்பதற்கு ஊரை விட்டுப் போகிறேன் என்றபோதும் உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன், அது நல்லதா கோழைத்தனமா என்று இன்னமும் எனக்குத் தெளிவில்லை. இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள். பாட்டு அந்த இடத்தைக் கடக்கும்வரை காலிப் பெஞ்சையும் சாய்த்துவைத்த துடைப்பத்தையும் காட்டினால் ஆகாதா, அவள் எழுந்து போய்விட்டாள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ள மாட்டார்களா. இது அசட்டு யோசனையாக இருந்தால் விட்டுவிடு, உன் வேலையில் இனி யோசனை சொல்வதற்கும் எனக்குத் தைரியமில்லை. கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயரைச் சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடு. அம்மா தேடுவாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை, பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நான் வருத்தப்படமாட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன், அதுவும் பொய்யாகிவிடும். கொஞ்சம் வருத்தப்படுவேன். ஆனால் என்னைச் சுமந்துகொண்டு உன் படம் அறைக்குள்ளேயே நின்றுவிட்டால் அந்த வருத்தத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

டாக்டர் போட்ட பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வரையாதே. ஜன்னலோர மேஜையில் உட்காராதே, குளிர் காற்று பட்டால் வீக்கம் வற்றாது. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும், நினைத்தது நினைத்தபடி கைகூடட்டும், பெரியவர்கள் எல்லாருடைய ஆசியும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய்வோம். அம்மா பக்கத்தில் இருப்பாள், இதைப் பற்றி ஒரு சொல் பேச முடியாது. நீ வெட்டிவிட்டாய் என்றால், அங்கே எவ்வளவு வெயில் அடித்தாலும், மழை பெய்யுதுப்பா என்று சொல். நான் புரிந்துகொள்கிறேன். அம்மா உடனே குடையை எடுத்துட்டுப் போடி என்பாள். சரிம்மா என்று சொல்லிவிடு.

என்றும் உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா