படகு டாங்கிக்குள் அம்மா இறங்கியது

கேமரன் மலை
12 ஆகஸ்ட் 1943

அன்பு மகள் ரீட்டாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் தங்கை ரோஸ்மேரியும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் அதற்கு ஒரு படி மேலாகவே இருக்கவேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்களாம், அதனால் லோரி ஓட்டும் மாடசாமி அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அப்பாவின் பெயரைச் சயாம் ரயில் வேலைக்கு எழுதிவிட்டார்கள் என்று யாரோ சொல்லி நீ இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாயாமே. எழுதியது உண்மைதான். நடந்ததை முழுக்கப் படி, பிறகு அழுவதா சிரிப்பதா என்று நீயே முடிவு பண்ணிக்கொள்.

வெள்ளைக்காரத் துரை ஓடும்போது தேயிலை பேக்டரி இன்ஜினை உடைத்துவிட்டுப் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக இப்போதைய ஜப்பான் துரை தெலுக் அன்சன் துறைமுகத்தில் கிடந்த ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜினையும் எண்ணெய் டாங்கியையும் கழற்றி லோரியில் மலையேற்றிக் கொண்டுவந்தார். உன் அப்பாதான் இன்ஜின் டிரைவர் ஆயிற்றே, தான் இப்போது கப்பல்காரன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீசல் கிடைக்காமல் செம்பனை எண்ணெயைக் கலந்து ஊற்றச் சொன்னார்கள். கீழே வெயிலில் அது தண்ணீராக ஓடும், இந்த மலைக் குளிரில் நெய்யாக உறைந்துவிடும் என்று அடுப்படியில் நிற்கிற எவளைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை, உன் அப்பாவும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. டாங்கியைத் திறந்து பார்த்த துரை, யாரோ மெழுகை ஊற்றிச் சதி செய்துவிட்டார்கள் என்று குதித்தார். தோட்டக் கணக்கு எழுதும் கிராணி கிரகரிதான் மொழிபெயர்ப்பு, துரை கால் மணி நேரம் கத்தியதற்கு அவர் "கோபமா இருக்காருலா" என்று மட்டும் சொன்னாராம். மீதி அப்புறம் வந்தது. சனிக்கிழமைக்குள் டாங்கி சுத்தமாகி இன்ஜின் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கும்பலோடு அப்பா சயாமுக்கு. துரை அங்கேயே நின்று பெயரையும் எழுதிக்கொண்டார். போன தடவை இங்கிருந்து போன பதினோரு பேரில் ஒருவரிடமிருந்தும் இன்றுவரை ஒரு வரி வரவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சோறு எங்கே இருக்கிறது, கிழங்கு இறங்கவில்லை.

அந்த டாங்கியின் வாய் நம் வீட்டு முறத்தைவிடச் சிறியது. கடலில் எண்ணெய் அலம்பாமல் இருக்க உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தகடு வைத்திருக்கிறான், வெளியே நின்று கம்பு விட்டால் எட்டாது, ஆள்தான் இறங்கிச் சுரண்ட வேண்டும். அப்பா தலையை விட்டார், தோளையும் எப்படியோ விட்டார், வயிறு வாசலிலேயே நின்றுவிட்டது. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று விறகுக் குச்சியாகிக் கிடக்கிறது, அதே கிழங்கு இவருக்கு மட்டும் எப்படித் தொப்பையாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒல்லியான ஆள் லயத்தில் நிறைய உண்டு, ஆனால் சதி என்று பேர் விழுந்த டாங்கிக்குள் எவன் இறங்குவான்? நான்தான் அப்பாவின் பழைய கால்சட்டையை மாட்டிக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு போய் நின்றேன். "பொம்பளை எறங்குற எடமா இது" என்றார். "சயாம் மட்டும் ஆம்பளை போற எடமா" என்று கேட்டேன். அவர் கயிறு தேடி எடுத்துவரப் போனார்.

ஒரு நாள் முழுக்க மூடியைத் திறந்துபோட்டு வாடையைப் போகவிட்டோம். உள்ளே விளக்குக் கூடாது, நெருப்புப் பிடித்துக்கொள்ளும். இருட்டில் தடவித் தடவித் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினேன். என் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை அப்பா கையில். மயக்கம் வந்து விழுந்துவிடுவேன் என்று நிமிடத்துக்கு ஒரு தரம் "இருக்கியா" என்பார், நான் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போதும், மாட்டை இழுப்பதுபோல் ஒரே இழுப்பு. என் நெற்றியில் இருக்கும் வீக்கம் எண்ணெயால் வந்ததல்ல, உன் அப்பாவின் அக்கறையால் வந்தது. இரண்டு நாளில் ஐந்து மண்ணெண்ணெய் டின் நிறையக் கொழுப்பை அள்ளி வெளியே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துரை பார்க்க வந்தார். கையை விட்டு உள்ளே தடவினார், சுத்தம். டாங்கியின் வாயைப் பார்த்தார், அப்பாவின் வயிற்றைப் பார்த்தார், யார் இறங்கியது என்று கேட்டார். அப்பா சட்டென்று தான்தான் என்றுவிட்டார், என்னைக் காப்பாற்றுகிறாராம். அப்படியானால் இறங்கிக் காட்டு என்றார் துரை. அப்புறம் கேட்கவேண்டுமா, பாதி உள்ளே, பாதி வெளியே, காலிரண்டும் காற்றில் நீந்துகின்றன, டாங்கிக்குள்ளிருந்து என்னைத்தான் திட்டுகிறார். டின்னிலிருந்த கொழுப்பை இரண்டு கை அள்ளி அவர் இடுப்பைச் சுற்றிப் பூசி, நானும் கிராணியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து உருவி எடுத்தோம். துரைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் எண்ணெய்க் கால்சட்டையைப் பார்த்து, வேலை செய்தது பெண்டாட்டி என்றால் இந்த ஆள் எதற்கு, இவன் சயாமுக்குப் போகட்டும் என்றார். இந்தத் தடவை கிரகரி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

எனக்குப் பயம்தான் ரீட்டா, மறைக்க மாட்டேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. "குளிருக்கு எண்ணெய் மறுபடியும் உறையும், மறுபடியும் நாந்தான் எறங்கணும். கயிறு இவரு கையில இருந்தா எறங்குவேன். வேற யாரு புடிச்சாலும் எறங்க மாட்டேன்" என்றேன். இதைச் சொல்லக் கிரகரி தயங்கினார், சொல்லுங்கள் என்று அதட்டினேன். துரை என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, தரையில் கிடந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அப்பாவின் பெயரை அடித்தார். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் இருவரும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. மறுநாள் எண்ணெயைச் சுடவைத்து ஊற்றினோம், இன்ஜின் ஓடியது.

அந்தக் கொழுப்பைச் சாம்பல் தண்ணீரில் காய்ச்சிச் சோப்பாக்கினேன், இரண்டு கட்டி மாடசாமி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். துணிக்கு மட்டும் போடு, டீசல் வாடை லேசில் போகாது, இங்கே ஞாயிறு பூசையில் எல்லாரும் லோரி மாதிரி மணக்கிறோம். கிழங்கை நன்றாக ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவை. கண்ட இடத்தில் வாய் திறக்கவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். அப்பா உனக்குத் தனியாக எழுதினால் தான்தான் இறங்கியதாக எழுதுவார், நம்பியதுபோல் இருந்துவிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் எந்தப் பட்டியலிலும் சேராமல் காத்து, குழந்தை குட்டியோடு வாழவைக்கட்டும்.

நேற்றும் இறங்கினேன். இப்போதெல்லாம் அவர் "இருக்கியா" என்று கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை, இன்னொரு தரம் கேட்கட்டும் என்று கொஞ்சம் சும்மா இருக்கிறேன்.

இப்படிக்கு,
நெற்றி வீக்கத்தோடும் நிறைந்த அன்போடும்,
உன் அம்மா
தெரசம்மாள்