மருமகனின் சொக்ஸில் சேறில்லை

சில்க்போர்க், டென்மார்க்
20.11.1994, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சாரங்கிக்கு,

நீயும் குணசேகரம் மாமா வீட்டாரும் டண்டிக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். எந்தக் கடிதத்தையும் நாங்கள் சுகம் என்றுதான் தொடங்குவேன், இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதக் கை போகவில்லை. பயப்படாதே, ஒருவருடைய உயிருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முதுகுப் பிடிப்பு, தொழிற்சாலையில் பலகை தூக்குகிற வரைக்கும் அது இருக்கும். தங்கச்சி றஜனி தமிழில் கேட்டதற்கு டெனிஷில்தான் பதில் சொல்கிறாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருகிறது, அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது தமிழ் கதைக்கிறாள். நான் எழுத வந்தது உன் புருஷனைப் பற்றி. இந்த நாலு வரி எழுதுவதற்குள் அடுப்பை நிற்பாட்டினேனா என்று மூன்று தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன், அடுப்பு மூட்டவே இல்லை, அப்படி இருக்கிறது என் நிலைமை.

பெற்ற மகள் ஸ்கொட்லாந்தில், ஸ்கொட்லாந்துக்காரர் என் வீட்டில், இப்படியும் ஒரு குடும்பம் இருக்குமா என்று நானே சிரித்ததுண்டு. மாசியில் அங்கஸ் இங்கே பக்கத்து ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு விளையாட வந்தபோது, வருகிற ஆனியில் உன் தாதிப் பரீட்சை முடிந்ததும் நீயும் வந்துவிடுவாய், அதுவரை மருமகன் எங்களோடு இருக்கட்டும் என்றுதானே எல்லோரும் கதைத்தோம். அவருடைய உயரத்துக்குக் கட்டில் காணாமல் அப்பா கால்மாட்டில் ஒரு வாங்கு போட்டுக் கொடுத்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கையால்தான் சாப்பிடுகிறார், உறைப்பென்று ஒருநாளும் சொன்னதில்லை, மூக்கு மட்டும் சிவக்கும். வெள்ளிக்கிழமையில் என் மரக்கறிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு பஸ் நிலையத்தடியில் நின்று சொசேஜ் வாங்கித் தின்கிறார் என்று ராசமலர் அக்கா வந்து கோள் சொன்னா, அவ்வளவு உயரமான மனிசன் எங்கே ஒளித்து நின்று தின்பது, பாவம், தின்னட்டும் என்று சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை சாரங்கி. பந்தடிக்கிறவனுக்கோ பெட்டையைக் குடுத்தனீங்கள் என்று அதே ராசமலர் அக்கா உன் கலியாணத்தின்போது கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை, ஆனால் இப்போது யாராவது அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அவவைவிட எனக்குத்தான் கொதி வரும்.

பந்தடிப்பதிலும் என்ன வேலை என்று ஒரு ஆட்டத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். முழு ஆட்டத்திலும் ஒரு கோலும் போடாமல் பின்னுக்கே நிற்கிறாரே, சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படியா என்று கேட்டேன். றஜனி தலையில் அடித்துக்கொண்டு, மற்றவர்களை மறிப்பதுதான் அவருடைய வேலை என்றாள். மறித்தால் ஒருவரும் கை தட்டுவதில்லை, ஒருதரம் விட்டால் ஊரே ஏசுகிறது, எங்கள் சமையல் மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தேத்தண்ணி குடிக்கிற நேரங்களில் மெல்ல மெல்லக் கேட்டு அவருடைய கதையை அறிந்தேன். சுரங்கக்காரரின் மகன், பதினாறு வயதில் பெரிய கழகத்துக்குப் போய் மற்றவர்களின் சப்பாத்துத் துடைத்து ஒரு ஆட்டமும் கிடைக்காமல் திரும்பினது, உங்கள் ஊர்க் கழகத்தில் சேர்ந்து பின்வரிசையிலேயே நின்று தலைவராக வந்தது, முழங்கால் உடைந்து நீ வேலை பழகின வார்ட்டுக்கு வந்து விழுந்தது, கால் தேறி வந்து பார்த்தால் அவருடைய இடத்தில் வேறொருவன் நின்றது. உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியைச் சொன்னபோது அவர் சிரித்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வாறேன். பயிற்சி உடுப்பை நான்தான் தோய்க்கிறேன், கார்த்திகை மாதத்து மழையில் இந்தப் பக்கத்து மைதானம் எப்படியிருக்கும் என்று சொல்லவா வேண்டும், சொக்ஸை வாளியில் ஊறப்போட்டால் தண்ணீர் கோப்பி நிறத்தில் வரும். இரண்டு கிழமையாகச் சொக்ஸில் சேறில்லை. நனைந்திருக்கிறது, சேறு மட்டும் இல்லை. கேட்டேன், உள்ளரங்கில் பயிற்சி என்றார். சரியென்று விட்டேன், ஆனால் மனம் விடவில்லை. புதன்கிழமை முதியோர் இல்லத்தில் என் வேலை நேரத்தோடு முடிந்தது, ஏரிக்கரையால் நடந்து வந்தால் அங்கே வாங்கில் மழைக்குள் அங்கஸ் இருக்கிறார், பை காலுக்கிடையில். தொப்பிகூடப் போடவில்லை. நான் கிட்டப் போய்க் குடையைப் பிடித்தேன், அவருக்கு மேலே பிடிக்க என் கை எட்டாமல் அவரே வாங்கிப் பிடித்தார், அப்படியே வீட்டுக்கு வந்தோம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகு றஜனியை இடையில் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு சொன்னார். கழகம் வருடக் கடைசியோடு போதும் என்று சொல்லிவிட்டதாம், மைதானத்துக்கு இனி வரவேண்டாமாம். நோர்வேயில் வடக்கே வடக்கே, மாரியில் சூரியன் எழும்பாத ஒரு ஊரில், ஒரு கழகம் கேட்டிருக்கிறதாம், வருகிற வெள்ளிக்கிழமை, 25ஆம் திகதி, கையெழுத்து, தையில் பயணம். சாரங்கிக்குப் பரீட்சை முடியுமட்டும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டேனே தவிர எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் ஏதோ பிழை விட்டதால்தான் நிற்பாட்டியிருக்கிறார்கள், பெரியவர்கள் போய்க் கதைத்தால் சரிவரும் என்று நினைத்து முந்தநாள் வெள்ளிக்கிழமை ரோல்ஸும் வடையும் சுட்டுப் பெட்டியில் கட்டிக்கொண்டு அந்தப் பயிற்சியாளரிடம் போனேன், அப்பாவுக்கும் சொல்லவில்லை. கொழும்பில் விசாவுக்கு அலைந்த காலத்தில் பழகின பழக்கம், வெறுங்கையோடு போகத் தெரியாது. அந்த மனிசனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது, ரோல்ஸை வாங்குவதா விடுவதா என்று தெரியவில்லை. கதிரை போட்டு இருத்தி, என் அரைகுறை டெனிஷுக்கு ஏற்றமாதிரி மெல்லச் சொன்னார். முழங்காலுக்குள் எலும்போடு எலும்பு உரசுகிறதாம், இன்னொரு வருடம் ஓடினால் பிறகு படியேறவும் கஷ்டமாம், வைத்தியர் எழுதியே கொடுத்துவிட்டாராம். அதனால்தான் நிற்பாட்டினோம், ஆனால் ஆளை விடவில்லை, சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கும் கொமூன் என்கிற நகரசபையின் விளையாட்டு மண்டபத்தைப் பார்ப்பதற்குமாக நிரந்தர வேலை கேட்டு எடுத்து வைத்திருக்கிறேன், அங்கஸ்தான் வேண்டாம் என்றார் என்று சொன்னார். பிறகு ஒரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டு நல்லாயிருக்கு என்றும் சொன்னார், அதை நான் காதில் வாங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அங்கஸைக் கேட்டேன். எங்கே போய் வந்தேன் என்று தெரிந்தால் கோபிப்பார் என்று நினைத்தேன். சாரங்கி என்னை ஆட்டக்காரனாகத்தான் கட்டினவள், கடைசிக் கடிதத்திலும் ஏலுமட்டும் விளையாடுங்கோ என்றுதான் எழுதியிருக்கிறாள், மண்டபத்தைத் திறந்து பூட்டுகிறவனாக அவளுக்கு முன்னால் எப்படி நிற்கிறது என்றார். நீ அவருக்குத் தெம்பு வரட்டும் என்று எழுதினாய், எனக்கு விளங்குகிறது. அவருக்கு அது கட்டளையாகப் போய்விட்டது. நான் விடவில்லை, தம்பி, வேலையை விடும், பெண்சாதியை விடும், உமக்கு நோர்வேக்குப் போக விருப்பமா என்று றஜனியை இடையில் வைக்காமல் என் இங்கிலீஷிலேயே கேட்டேன். பதினாறு வயதிலிருந்து அதை என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை என்றார். அதோடு போய்ப் படுத்துவிட்டார். நானும் மாமியார், சோறு போடுகிறவள், எனக்கு மரியாதைக்குத்தான் பதில் சொல்வார். நீ கேட்டால் வேறு.

கொடுத்த சொல்லை மீறி எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும். இங்கே ரீவியில் இன்னும் எங்கள் விசாக்களை மறித்த முன்னாள் மந்திரி மேல் நடக்கிற அந்தத் தமிழர் வழக்கைத்தான் காட்டுகிறார்கள், முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி என் கையைப் பிடித்து எங்கட ஆக்கள் உங்களுக்கு அநியாயம் செய்துபோட்டினம் என்று மன்னிப்புக் கேட்கிறா, நானும் பரவாயில்லை என்கிறேன், பரவாயில்லையா என்று பிறகு குளியலறையில் நின்று யோசிக்கிறேன். அந்த மந்திரி குடும்பங்களைக் கூப்பிடுகிற கோப்புகளையெல்லாம் அசையாமல் வைத்திருந்தது அப்பாவுக்கு அப்போதே இங்கே கேள்விப்பட்டுத் தெரியும். எங்களுக்கு மாதாமாதம் அடுத்த மாதம் விசா வரும், எல்லாம் நல்லது என்று எழுதினார். நாங்கள் கொழும்பில் அந்த வெள்ளவத்தை அறையில் இருந்து அதை நம்பிக்கொண்டிருக்க உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பிள்ளையென்று கூப்பிடுகிற வயதும் அதோடு போனது, விசா வந்தபோது என் பெயரும் றஜனியின் பெயரும்தான் இருந்தது. நேரத்தோடு எழுதியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். அப்பா எங்களை நோகவிடக்கூடாது என்றுதான் மறைத்தார், அந்த அன்பால் உன்னைத் தூரத்தில் விட்டுவிட்டேன். இன்னொருதரம் அப்படி ஒரு நல்ல மனம் எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

அம்மா தன் சுயநலத்துக்கு எழுதுகிறா, மருமகன் இங்கே வேலை எடுத்தால் மகளும் வருவாள் என்று கணக்குப் போடுகிறா என்று நினைப்பாய். ஓம், அந்த ஆசை இருக்கிறது, ஒளிக்கவில்லை. உன்னை என் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்க எனக்கு ஆசைதான். ஆனால் அங்கஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டண்டிக்கே உன்னிடம் வந்தாலும் நான்தான் முதலில் பெட்டி அடுக்கிக் கொடுப்பேன். நோர்வேக்கு மட்டும் அவரை விடாதே. கால் போவது ஒருபக்கம், அந்த இருட்டில் தனிய இருந்து உனக்கு நல்லாயிருக்கிறேன் என்று எழுதிக்கொண்டிருப்பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போனில் சொல்லலாம்தான், போன் இருப்பது அவருடைய அறைக் கதவடியில், அதோடு நான் அழுதுவிடுவேன்.

பரீட்சைக்கு ஒழுங்காகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, முழுகிய தலையோடு வெளியில் போகாதே. பிள்ளையார் உனக்கும் அவருக்கும் ஒரு கூரையையும் ஒரு மேசையையும் காட்டட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அப்பாவும் றஜனியும் அன்பு சொல்லச் சொன்னார்கள். மறக்காதே, வெள்ளிக்கிழமைக்கு முதல் அவருக்குப் போன் எடு, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பார், நான் றஜனியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். இப்போது அவரே வந்து நீங்கள் சாரங்கிக்கு எழுதுறதெண்டால் என்ர கடிதத்தையும் சேத்துப் போடுங்கோ என்று ஒரு உறையைத் தந்துவிட்டுப் போகிறார். பயிற்சி நன்றாகப் போகிறது, எல்லாரும் சுகம் என்றுதான் அதில் இருக்கும், பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாக நாளைக் காலையிலேயே விரைவுத் தபாலில் போடுகிறேன், ஒரே நாளில் உன் கைக்கு வரும். அவருடைய கடிதத்தை நம்பாதே மகள், அதை எழுதியதற்காக அவரோடு கோபிக்கவும் வேண்டாம்.

என்றும் உன் அன்பு
அம்மா
செல்வமலர் இரத்தினசிங்கம்