படம் குதிக்கிறது என்று அப்பா சொல்கிறார்

மந்தைவெளி,
சென்னை – 28.
5.5.1999

அன்புள்ள தம்பி டில்லிபாபுவுக்கு, சித்தி ரத்னா எழுதுவது.

உனக்கென்று நான் தனியாக எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்ன திடீரென்று என்று தோன்றினால் மன்னித்துவிடு. உன்னைப் பெற்றவள் இருந்திருந்தால் அவள் எழுதியிருப்பாள். அவள் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறோமே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அது வரவில்லை, விட்டுவிட்டு மேலே போகிறேன். நேற்று உனக்கு வந்த மெயிலைப் படித்திருப்பாய். மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிற பிரவுசிங் சென்டரில் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தது அது. ‘ரெண்டு கார்டுல எது ஸ்பீடோ அதையே வாங்கிடு நைனா, துட்டப் பாக்காத’ என்பதும், ‘நானும் சித்தியும் ஜோரா கீறோம்’ என்பதும் அவர் பேச்சு. அவர் சொன்னதை மாற்றாமல்தான் அடித்தேன். என் பேச்சை அதில் சேர்க்க முடியவில்லை, அதற்காகத்தான் ஸ்டாம்பு ஒட்டி இதை அனுப்புகிறேன்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. லாரித் தண்ணீர் வருகிற நாளில் குடங்களை வரிசையில் வைத்துப் பின்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு நந்தனத்துக்கு ஆபீஸ் ஓடுகிறேன். சைதாப்பேட்டையில் எங்கள் அம்மாவுக்கு முட்டி வலி, ஆனாலும் வாய் குறையவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதிலிருந்து அப்பாவின் வேன் கால்வாய் ஓரம் மரத்தடியில் நிற்கிறது, அவர்தான் சும்மா இருப்பதில்லை. தீபாவளிக்கு வந்தபோது நீ வாங்கி வைத்த கம்ப்யூட்டர் முன்னால் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கார் ரேஸ் ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை அவர் எப்படி ஓட்டுகிறார் என்று நீ பார்த்ததில்லை. நாற்பதுக்கு மேல் போக மாட்டார். வளைவுக்கு முன்னால் ஆரன் அடிப்பார். பின்னால் வருகிற கார்களுக்கெல்லாம் ஓரம் கட்டி வழி விடுவார். ‘போவட்டும், அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துக்கீது போல’ என்பார். எல்லாப் பந்தயத்திலும் கடைசியாகத்தான் வருவார், ஆனால் காரில் ஒரு கீறல் இருக்காது, அதுதான் அவருக்குப் பெருமை. முடிந்ததும் எத்தனையாவது இடம் என்று திரையில் எழுத்து வரும், அதைப் படிக்கவே மாட்டார். ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி அந்தக் காரைத்தான் உற்றுப் பார்ப்பார்.

அப்படி ஓட்டுகிறவர் பொங்கலுக்குப் பிறகு சுவரில் மோத ஆரம்பித்தார். படம் குதிக்குது, படம் குதிக்குது என்று உனக்குப் போனில் சொன்னது அப்போதுதான். வளைவு தூரத்தில் இருக்கிறதாம், அடுத்த நொடி சுவர் முகத்துக்கு நேரே நிற்கிறதாம், நடுவில் இருந்த ரோட்டை மெஷின் முழுங்கிவிட்டதாம். நம் மெஷினில் படம் வரைவதற்கென்று தனிக் கார்டு இல்லை, அது மூச்சு வாங்கிக்கொண்டு சில படங்களை விட்டுவிடுகிறது என்று நீ சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை தம்பி, யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நானும் நம்பினேன். பிறகு நீ இரண்டு கார்டுகளைப் பற்றி எழுதினாய். இரண்டிலும் ஒரே சிப், ஒன்று சாதாரணம், இன்னொன்று கம்பெனிக்காரர்களே சிப்பை அதன் வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டு, பெரிய ஃபேன் வைத்து, கேரண்டியோடு விற்பது. இரண்டாவது நம் மெஷினுக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் தாங்குமா என்று ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்துச் சொல்லச் சொன்னாய். அந்த வேலையை என்னிடம் கொடுத்தாயே என்று உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. நீ எழுதியதைப் பலமுறை படித்து, கடையில் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். பி.காம். படித்தும் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வருவதில்லை, அதனால்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அப்பா உட்காரவில்லை, டிரைவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் தன் வலது காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். ரிச்சி தெருவில் இனாயத் என்பவர் கடையில் நீ சொன்ன அந்த முடுக்கின கார்டே, ஓட்டிக் காட்டுகிற மெஷினில் இருந்தது. அவர் என்னிடம், ‘தங்கச்சி, கார்டு சூப்பரு, ஆனா இது ஏசி ரூமுல வளர்ற புள்ள. மே மாசம் மத்தியானம் உங்க ஊட்ல ஓட்னா அதுக்கு ஜுரம் வந்துடும். பெட்டி மாத்தணும், பவர் சப்ளை மாத்தணும், இன்னொரு ஃபேன் போடணும்’ என்றார். அப்பா விடவில்லை, ‘அல்லாத்தையும் மாத்திக்கலாம் பாய், எம்புள்ள அமெரிக்காவுல கீறான்’ என்றார். எவ்வளவு ஸ்பீடில் ஓட்டுவீர்கள் நைனா என்று அவர் கேட்க, அப்பா நாற்பது என்றார். கடையே சிரித்தது. ‘நாப்பதுக்கு வாடகை சைக்கிளே போதுமே நைனா, கார்டு இன்னாத்துக்கு’ என்றார் இனாயத். ‘சிரிக்காத பாய், நாப்பதுல போறவன்தான் சாயங்காலம் ஊட்டுக்கு வந்து சோறு துன்னுவான்’ என்று சொல்லிவிட்டு அப்பா அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

அந்தக் கார்டு உண்மையிலேயே நல்ல கார்டுதான். ரோடு எண்ணெய் ஊற்றின மாதிரி வந்தது, மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், நான் வழக்கம்போல் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவுக்கு முன்னால் ஆரன் அடிக்கப் போன விரல் அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது. வாய் மட்டும் வெற்றிலை மெல்வது மாதிரி அசைந்தது. திரையில் ரோடு ஓடிக்கொண்டேயிருந்தது, மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருந்தது, கார் அதே நாற்பதில் நேராகப் போய்ச் சுவரில் இடித்து நின்றது. பிறகு அப்பா வந்தார், அப்படித்தான் சொல்ல வேண்டும், எங்கேயோ போய்விட்டு வந்தார். ‘பாத்தியா பாய், உன் கார்டும் குதிக்குது’ என்றார். குதிக்கவில்லையே நைனா என்று சிரித்துக்கொண்டே சொன்ன இனாயத் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அப்பா வாசலில் டீ குடிக்கும்போது அவர் என்னிடம் மெதுவாக, ‘இத உங்களுக்கு நான் விக்க மாட்டேன். எங்க மாமுவுக்கும் இப்டித்தான் இருந்துச்சு. மொதல்ல டாக்டராண்ட இட்டுக்கினு போங்க’ என்றார். திரும்பி வரும்போது அப்பா, அந்த பாய் டூப்ளிகேட் கார்டை வைத்து ஏமாற்றுகிறான், டில்லி அனுப்பப்போவதுதான் ஒரிஜினல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அவர் வேனில் ஸ்கூலுக்குப் போகிற மஹதி ஞாபகம் வந்தது. பரீட்சை சமயத்தில் ஒருநாள் வேன் அவள் வீட்டு வாசலில் நிற்காமல் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டதாம், ‘கபாலி மாமா என்னை மறந்தே போயிட்டார்’ என்று அந்தக் குழந்தை கைகொட்டிச் சிரித்துச் சொன்னதாக அவள் அம்மா என்னிடம் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கண் பரிசோதனை என்று பொய் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவர்கள் வேறு டாக்டரிடம் அனுப்பினார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். மூளைக்குள் ஒரு கட்டி, ஆழத்தில் இருக்கிறது, கத்தி வைக்க முடியாத இடம். அதனால் வலிப்பு மாதிரி இழுக்கும்போது சில நொடிகள் மனுஷன் இல்லாமல் போகிறார், திரும்பி வந்ததும் நடுவில் போனது அவருக்கே தெரியாது, அதனால்தான் படம் குதித்த மாதிரி இருக்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையால் கொஞ்சம் குறையலாம், நிற்காது, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த ஃபிலிமுக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, ‘சார், உங்க மெஷின்லயும் படம் சரியா வர்ல, புகை மாரி கீது. நல்ல கார்டு போட்டாத் தெளிவாத் தெரியும், எம்புள்ளையாண்ட சொல்லி உங்களுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்றேன்’ என்றார். கிண்டல் இல்லை தம்பி, அந்த டாக்டருக்கு உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போய், பையன் ஜனவரியில்தான் வருவான் சார் என்றேன். டாக்டர் ஃபிலிமைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டே, அதற்கு முன்னாலேயே வர முடியுமா பாருங்கள் என்றார். நான் படித்தவள், எனக்குப் புரிந்தது.

மாத்திரையை என் எதிரே போட்டுக்கொள்கிறார், எனக்காக. மற்றபடி அவர் உலகத்தில் எதுவும் மாறவில்லை. வேனுக்குப் புது சீட் கவர் தைக்கக் கொடுத்திருக்கிறார். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அமெரிக்காவிலிருந்து கார்டு வருகிறது, வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னால், ‘நீ பி.காமு, கணக்குதான் தெரியும். மெஷின் சமாசாரத்த டில்லி சொல்லட்டும். டில்லியே மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டான்’ என்கிறார். முந்தாநாள், வேனில் வருகிற வர்ஷினியையும் அவள் அம்மாவையும் மாடவீதியில் பார்த்தோம். ‘ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் வந்துடுங்கோ கபாலி, உங்களைத் தவிர யாரோடயும் இவளை அனுப்ப மாட்டேன்’ என்றார். அப்பா தலையை ஆட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவர் அந்தக் குழந்தை கன்னத்தைத் தட்டிக்கொண்டு நின்ற சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் திறக்கவில்லை. வேன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார், குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை. நீ ஒன்றும் செய்யாவிட்டால் ஸ்கூல் திறக்கிறதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் எல்லாப் பெற்றோரிடமும் நானே சொல்லிவிடுவேன், அது நிச்சயம், உளறிக்கொண்டாவது சொல்லிவிடுவேன். ஆனால் கபாலி வேனில் பிள்ளையை அனுப்பாதே என்று ஊரே சொன்ன பிறகு அவர் எப்படி இருப்பார் என்பதை என்னால் நினைக்க முடியவில்லை. கோபமெல்லாம் என் மேல்தான் வரும், அது பரவாயில்லை. அப்போதும் கார்டு வரட்டும் பார் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

நீ எழுதியிருந்தபடி இரவு நேரத்தோடு படுக்கிறாயா? இரண்டாயிரமாம் வருஷத்துக்காக எல்லா மெஷினையும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், யாருக்கும் லீவு கிடையாது என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. வெளியில் சாப்பிட்டே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ரசம் வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மாரியாத்தா உன்னைக் காப்பாற்றுவாள், நல்ல பெயரோடும் நல்ல உடம்போடும் நீ நீடூழி இருக்க வேண்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு, மெயிலில் எதையும் எழுதிவிடாதே, பிரவுசிங் சென்டரில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இனி நான் கேட்க வேண்டியது. எந்தக் கார்டு என்று கேட்டாய் அல்லவா, அந்த முடுக்கின கார்டையே வாங்கு, அதைவிட உசத்தி ஒன்று இருந்தால் அதை வாங்கு, அதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்று அவர் சொல்ல இடமில்லாத மாதிரி வாங்கு. ஆனால் யாரிடமும் கொடுத்தனுப்பாதே. போனில் நீ என்ன சொன்னாலும், நீ இங்கே இருந்து பார்க்கவில்லையே என்பார். வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஸ்கூல் திறப்பதற்குள் நீயே எடுத்து வந்து, உன் கையால் மாட்டி, அவர் பக்கத்தில் உட்கார். அவர் போய்விட்டுத் திரும்பி வந்து, பாத்தியா டில்லி, இதுவும் குதிக்குது என்று உன் முகத்தைப் பார்ப்பார். அப்போது, இல்லைப்பா, படம் குதிக்கவில்லை என்று நீ சொல்ல வேண்டும்.

உன் சித்தி,
க. ரத்னா