லென்ஸை மூடினால் முள் விழுகிறது

பதிவு 1. வியாழனின் நிலவு யுரோப்பா, மேட்டுக் கூண்டு. 23:40
இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். என் மகள் பவளம் தூங்கும்வரை ரேடியோவில் பாட வேண்டியிருந்தது. ஒன்றரை வயது. பனிக்கடியிலுள்ள குடியிருப்பில் அப்பாவோடு இருக்கிறாள். நான் மேலே இந்தக் கூண்டில் தனியாக, பனிப்பரப்பைப் படமெடுக்கிறேன். இங்குள்ள கதிர்வீச்சில் டிஜிட்டல் கேமரா தாங்காது. அதனால் ஈயப் பெட்டியில் வரும் பெரிய ஃபிலிம், துருத்தி வைத்த கேமரா. இன்றைய படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. நிர்வாகிக்குத் தெரிவித்தேன்.

பதிவு 2. 00:55
நிர்வாகி தணிகாசலம்: "ஒண்ணுமில்லம்மா. கதிர்வீச்சு பட்டு ஃபிலிம் கெட்டிருக்கு. கொழந்தைய விட்டுட்டு இருக்கீங்க, எதப் பாத்தாலும் பயமாத்தான் இருக்கும்."

பயம்தான். அதற்காகக் கோடு பொய்யாகிவிடாது. ஃபிலிமைக் கழற்றினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியில், கோட்டின் மேலேயே, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரின் உணர்கோலை வைத்தேன். மீட்டரின் முள் ஏறியது. லென்ஸை மூடினேன். விழுந்தது. லென்ஸ் மூடிக்குப் பயந்து கதிர்வீச்சு நிற்காது. இது வெளிச்சம். பனியிலிருந்து வருகிறது.

பதிவு 3. 01:30
என் கணவர் சேந்தனை ரேடியோவில் எழுப்பினேன். "கொழந்த ரூம் லைட்ட அணைச்சுப் போடுங்க. ஏன்னு கேக்காதீங்க."

"இப்பதான் தூங்குனா பூரணி. முழிச்சா நீதான் மேலேருந்து எறங்கி வரணும்."

அணைத்தார். முள் விழுந்தது. போட்டார். ஏறியது.

நான் படமெடுத்தது எங்கள் விளக்குகளை. கூரைப் பனி அவ்வளவு மெலிந்துவிட்டது.

பதிவு 4. 02:10
தணிகாசலம்: "காலைல கூடிப் பேசலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இது உத்தரவு."

கேட்டுக்கொண்டேன். பிறகு எல்லா வீட்டு ஒலிபெருக்கிக்கும் இணைப்பைத் திறந்தேன்.

"கூரை மெலிஞ்சுபோச்சு. பிள்ளைங்களத் தூக்கிட்டுக் கிழக்குச் சுரங்கத்துக்குப் போங்க. போறப்ப விளக்க அணைச்சிடுங்க. யார் கெளம்பிட்டீங்கன்னு எனக்கு இங்கேருந்தே தெரியும்."

வேலை போனால் போகட்டும்.

பதிவு 5. 02:50
மேடு அதிர்கிறது. ஒரு கையால் கேமராவின் காலைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். ரேடியோவில் என் குரல் போகிறது, எதுவும் திரும்பி வரவில்லை. உணர்கோலைக் கோடு நெடுக நகர்த்துகிறேன். ஒவ்வொரு வீடாக இருள்கிறது. எங்கள் குழந்தையின் அறை மட்டும் இன்னும்

முள் விழுந்துவிட்டது.

லென்ஸ் திறந்துதான் இருக்கிறது. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். முள் விழுந்ததற்கு வேறு காரணம் எதையும் இந்தப் பதிவில் எழுத மாட்டேன். சேந்தன், பவளம் உங்கள் தோளில்தானே? இது யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.