விக்கிரவாண்டியில் அடித்த பின்

மச்சான்,

உலகத்தில் ஒருத்தரும் நம்ப முடியாத ஒரு கதையை இப்போது எழுதப்போகிறேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டான்டா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்கத் தயாராகியிருப்பாய்.

இன்று காலை உன் மகள் வந்தாள். நீ வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தாள். மிதித்தால் கடக் கடக் என்கிறதாம். ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, இந்தக் கிராங்கைக் கழற்ற அதற்கென்றே ஒரு சாமான் வேண்டும், பாண்டிச்சேரியிலிருந்துதான் வரவேண்டும், நாலு நாள் ஆகும் என்று கையை விரித்துவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவையும் நூல் கட்டிய காகிதக் கட்டையும் எடுத்து வைத்தாள்.

"அப்பா பீரோல இருந்துச்சு மாமா. இன்னா இது, துப்பாக்கி குண்டா?"

டப்பாவைத் திறந்ததும் பழைய கிரீஸ் வாடை வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன். அவள் போன பிறகும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் பாதி நின்றபடி எழுதியது.

அது காட்டர் பின். சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்பு ஆப்பு. ஒரு பக்கம் சீவினாற்போல் சரிவு, முனையில் நட்டு மாட்ட மரை. பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான். அது கழன்றால் கால் மட்டும் சுற்றும், சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். அந்தக் காலத்தில் சைக்கிளை வடிவமைத்த மகான்கள் அத்தனை பேரும் பட்டறையில் சுத்தியலோடு பிறந்தவர்கள் போலும். நடுரோட்டில் நிற்பவனை அவர்கள் கனவிலும் கண்டதில்லை.

உன் மகளிடம் தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் கதையைச் சொன்னேன். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் ஆலையில் உனக்கு டைம்கீப்பர் வேலை கிடைத்திருந்தது. காலை ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தான். அன்று பார்த்து பஸ் ஓடவில்லை. பாசஞ்சர் வண்டியோ ஒன்பதுக்கு மேல்தான் போய்ச் சேரும். அப்போது நான் மார்தட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? என் சைக்கிளின் ஒவ்வொரு நட்டும் எனக்கு உறவுமுறை என்றும், எட்டரைக்கே உன்னை ஆலை வாசலில் இறக்கிவிட்டு டீயும் குடித்துவிடுவேன் என்றும் சொன்னேன். உன் வீட்டார் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரத்தை விட்டுப் புறப்பட்ட வேகத்தில் முண்டியம்பாக்கத்துப் புளியமரங்கள் அத்தனையும் திண்டிவனம் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. நாலுவழிச் சாலைக்காக அவற்றை வெட்டிவிட்டதால் என்னிடம் இப்போது சாட்சி இல்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் இடது கிராங்க் தொங்கியது. நட்டு எங்கேயோ விழுந்து, பின்னும் நழுவியிருந்தது. நீதான் வந்த வழியே ஓடிப்போய்ப் பின்னைத் தேடி எடுத்து வந்தாய். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் ஒரு கருங்கல்லை எடுத்து அடித்தேன். அந்த ஓசையில் மயிலம் மலை மயில்கள் இடி என்று நினைத்துத் தோகை விரித்தன. மரக்காணத்தில் கடலுக்குப் போனவர்கள் புயல் என்று கரை திரும்பினார்கள். ரோட்டோரம் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் அசரவில்லை. "சைக்கிள அடிக்கிறியா, பாம்ப அடிக்கிறியாப்பா" என்று கேட்டது.

பின் உள்ளே போனது. ஆனால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் இல்லை. ஒன்று பன்னிரண்டு மணியைக் காட்டினால் மற்றது ஐந்தரையைக் காட்டியது. நொண்டிக் குதிரைபோல மிதித்தோம். இரண்டு மைலுக்கு ஒருதரம் பின் நெகிழ்ந்தது, இறங்கி அடித்தோம், ஏறினோம், மறுபடி இறங்கினோம். கூட்டேரிப்பட்டில் நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றது கண்ணிலேயே இருக்கிறது. வாட்சைப் பார்க்கப் பயந்து, அதை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாய்.

ஆலை வாசலில் நாம் இறங்கியபோது ஒன்பது நாற்பது. மேனேஜர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டைம்கீப்பர் வேலைக்கே லேட்டா வந்த மொத ஆளு நீதான்யா."

அவ்வளவுதான். ஒன்பதரைக்கே வேறொருவன் கையெழுத்துப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு நீ விழுப்புரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்தாய், கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள். குறை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வாய். ஆனால் அந்த ஆபீஸ் கார்பன் தாளை வைத்துக்கொண்டு சைக்கிள் கம்பெனிகளுக்கு எதிராக ஒரு போரே நடத்தினாய். பின் சக்கரப் பஞ்சருக்குச் செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றையும் ஏன் கழற்ற வேண்டும்? முன் சக்கர நட்டு ஓர் அளவு, பின் சக்கர நட்டு வேறு அளவு, இது யாருடைய வேண்டுதல்? மண்ணில் விழுந்தால் காணாமல் போகிற திருகாணி எதற்கு? எல்லாக் கடிதமும் காட்டர் பின்னில் போய்த்தான் முடியும். "ரோட்டோரம் நிக்கிறவன் கையில கல்லு மட்டுந்தான் இருக்கும்" என்பாய். பதில் ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பின்னைக் கழற்றி, சாட்சிப் பொருள் என்று டப்பாவில் போட்டு வைத்தாய்.

ஊரில் யார் என்னைப் பற்றிப் பேசினாலும், "இவன் இல்லன்னா அன்னைக்கு விக்கிரவாண்டியிலயே நின்னுக்கினு இருந்திருப்பேன்" என்று நன்றி வேறு. அந்த நன்றி வரும்போதெல்லாம் எனக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

ஒருநாள் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சாட்சிப் பொருளைக் கடைக்காரரிடம் நீட்டினாய். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பி, தேய்ந்திருந்த பக்கத்தை நகத்தால் தடவி, "இத மாத்தி..." என்று வாயெடுத்தார். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்ச் சட்டியை நான் காலால் கவிழ்த்தேன். உன் வேட்டி, அவர் டியூப், பக்கத்துக் கடைப் பூக்கூடை எல்லாம் நனைந்து, ஆளாளுக்குத் திட்டியதில் பேச்சு அடங்கியது. தப்பித்தேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். அதன் பிறகு நீ கம்பெனிகளுக்கு எழுதவே இல்லை. பின் இல்லாத கிராங்க் வைத்த சைக்கிள் வந்ததும் மகளுக்கு அதில் ஒன்றை வாங்கி, "பாத்தியா, என் லெட்டர படிச்சிட்டான்" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது பார், அதற்குக் கல்லும் உதவாது, பாண்டிச்சேரிதான் உதவ வேண்டும்.

அந்தக் காகிதக் கட்டைப் பிரித்தேன். உன் கடைசிக் கடிதத்தின் கார்பன் நகல், நான் சட்டியைக் கவிழ்த்த அதே வாரத்தில் எழுதியது. நீ அந்தக் கடைக்குத் திரும்பப் போய், அவர் சொல்ல வந்ததைக் கேட்டிருக்கிறாய்.

"மதிப்புக்குரிய ஐயா, இத்தனை வருடமாக உங்கள் பின்னைப் பற்றி எழுதிய புகாரைத் திரும்பப் பெறுகிறேன். பின் நல்ல பின்தான். ஆனால் அவசரத்தில் இருப்பவன் மாற்றிப் போட முடியாதபடி, ஒரே பக்கமாக மட்டும் நுழைகிற மாதிரி அதைச் செய்யுங்கள். ரோட்டோரம் நிற்பவனுக்கு ஒரு கல்லும் ஒரு நண்பனும்தான் துணை. இரண்டில் ஒன்றைக் குறை சொல்லும்படி அவனை வைக்காதீர்கள்."

தெரிந்துகொண்டே என்னோடு டீ குடித்திருக்கிறாய், மச்சான். தெரிந்துகொண்டே நன்றியும் சொன்னாய். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இப்படி வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருக்க மாட்டேன்.

காலையில் உன் மகள் கிளம்பும்போது, "நீ சொன்னதுல எதுனா நெசமா மாமா?" என்று கேட்டாள். சாயங்காலம் வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பின் என் சட்டைப் பையில் இருக்கிறது. கனம் ஒன்றும் இல்லை, ஆனால் குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது. அவள் வந்ததும் அதை அவள் கையில் வைத்து, இந்தக் கதையிலேயே மிகச் சின்ன ஒரு பகுதியை அவளிடம் இப்படிச் சொல்லப்போகிறேன். மரம் சாயவில்லை. மயில் ஆடவில்லை. மீன்பிடிக்கப் போனவர்கள் மீனோடுதான் திரும்பினார்கள். ஆனால் கூட்டேரிப்பட்டில், எட்டு மணிக்கு, நேரம் இன்னும் மிச்சம் இருந்தபோது, "டேய், இது தலைகீழாப் போட்டுட்ட மாதிரி கீது, மாத்திப் பாக்கலாமா?" என்று உன் அப்பா கேட்டான். எனக்கும் அது தெரிந்திருந்தது. கம்பெனிக்காரன் இப்படித்தான் போடச் சொல்லியிருக்கிறான் என்று நான் சொன்னேன்.

அது மட்டும் நிஜம்.