எந்த பேட்ச்?

கார் டிக்கியைத் திறந்தால் இன்னும் உன் கையுறை வாடைதான் முதலில் வருகிறது. ரப்பரும் வியர்வையும் கலந்த அந்த நாற்றத்தைக் குப்பைக்கு அனுப்ப என் மனைவி எத்தனையோ முறை பார்த்தாள், நான் விடவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் பந்தை எடுக்கத் திறந்தபோது, உன்னிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. பதில் சொல்ல நீ இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தோஹாவில், பழைய மாணவர்கள் மட்டுமே ஆடக்கூடிய கால்பந்து லீக்கில் நம் கல்லூரி அணி முதன்முதலாக இறங்கிய சீசன் அது. நான் கேப்டன், வயிறு முன்னால் போகும், நான் பின்னால் ஓடுவேன். ஒருத்தனுக்கு டியூட்டி, ஒருத்தனுக்குப் பிள்ளையின் பிறந்தநாள் என்று பதினொரு பேர் தேறுவதே பெரும்பாடு. கோல் காக்க ஒரு கோலி இல்லவே இல்லை. அப்போதுதான் ராஸ் லஃபான் எரிவாயு ஆலைப் பக்கமிருந்து லேபர் கேம்ப் பஸ் பிடித்து, சாரம் கட்டிய தூசியைக்கூட உதறாமல் வந்து நின்றாய். "கோலிக்கு ஆளு இல்லைன்னு கேள்விப்பட்டேன், மக்கா."

உன்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. நாகர்கோவிலில் நம் கல்லூரி மைதானத்தில், சாயங்காலப் பயிற்சியில் கோலில் நின்ற முகம். நீ எனக்கு மூத்த செட் என்று நான் நினைத்தேன். மூத்தவர்கள் உன்னை என் செட் என்று நினைத்தார்கள். இளையவர்கள் அண்ணன் என்று கூப்பிட்டு அதோடு விட்டார்கள். எந்தத் தெரு, எந்தச் சர்ச் பங்கு, யார் வீட்டு மருமகன் என்று துருவித் துருவிக் கேட்கிற நம் ஊர்க்காரர்கள், உன்னிடம் மட்டும் எந்த பேட்ச் என்று கேட்காமல் போனது எப்படி?

பெனால்டி அடிக்க எவன் வந்தாலும் நீ கோலிலிருந்து அக்கறையாக விசாரிப்பாய். "சாப்பிட்டியா மக்கா?" மலையாளிப் பையன் என்றால் "ஊணு கழிச்சோ?" அவன் பதில் சொல்வதா, பந்தை அடிப்பதா என்று தடுமாறுவான். பந்து உன் கையில் இருக்கும். அப்படியே இறுதி ஆட்டம் வரை எங்களை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

அன்று நான் ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"மக்கா, நான் காலேஜ்ல படிக்கல, கேட்டியா. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நம்ம வீடு. பத்தாம் கிளாஸோட படிப்பு நின்னுட்டு. சாயங்காலம் மதில் ஏறிக் குதிச்சு வருவேன். பிராக்டீஸுக்கு நிக்க வைப்பாங்க. மேட்ச்சுன்னா எறக்க மாட்டாங்கல்லா."

"யாருமே கேக்கலியேடே. இன்னைக்கு ஏன் சொல்லுத?"

"கப்பு வாங்குன பொறவு எவனாவது கண்டுபிடிச்சா காலேஜ் பேரு நாறிரும்லா."

எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னை ஒரு மேட்ச்சிலும் இறக்காத கல்லூரியின் பேரில் உனக்கு அப்படி என்ன அக்கறை? வாயை மூடிக்கொண்டு நில்லு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் நீ கையுறையைக் கழற்றி, எங்களில் ஒருவனைக் கோலில் நிற்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாய். எதிரணியின் மலையாளி கேப்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "முடிஞ்சது முடிஞ்சு போச்சு சாரே. அவன் நிக்கலெங்கில் எங்களுக்கு நல்லதல்லே?"

தோற்றோம். கோலுக்குப் பின்னால் நின்று எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவன் நீ. பிறகு நஜ்மா பகுதிக் கடையில் டீ குடிக்கும்போது, "மேட்ச்சுன்னா வெளிய நிக்கது நமக்குப் பழக்கம்தானே" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையுறை என் காரிலேயே தங்கிவிட்டது. நீயும் திருப்பிக் கேட்கவில்லை.

லீவில் ஊருக்குப் போன நீ திரும்பி வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். அடுத்த லீவில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தந்த காப்பியைக் குடித்துவிட்டு, பின்பக்க மதிலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் வழி காட்டினாள். கால் வைக்க வாகாகத் துருத்திக்கொண்டிருந்த கற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தேன்.

கேட் வழியாக வந்த எங்களுக்கு முதலில் தெரிந்தது ஆபீஸ், பிரின்சிபால் அறை, ஃபீஸ் கட்டுகிற ஜன்னல். உன் பக்கத்திலிருந்து ஏறினால் தெரிவது கோல் போஸ்ட் மட்டும்தான். உன் கல்லூரி அதுதான் என்பது எனக்கு அங்கே வைத்துத்தான் விளங்கியது. அதன் பேர் நாறிவிடும் என்று நீ ஏன் பயந்தாய் என்பதும்.

நேற்று, அணியில் புதிதாகச் சேர்ந்த என்ஜினியர் ஒருவன் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இது யாருக்க கிளவுஸ், அண்ணா?"

"நம்ம காலேஜ் கோலிக்க கிளவுஸ்."

"எந்த பேட்ச்?"

இத்தனை காலம் கழித்து ஒருவன் கேட்டேவிட்டான்.

"எல்லா பேட்ச்சும்தான்டே" என்றேன். நான் சொன்னது சரிதானே, மக்கா?