வெள்ளச்சியின் வம்சமும் ஒரு டாஸ் புரோகிராமும்

ஐப்பசி 4, செவ்வாய். ராஜபாளையம்.
மலைப்பக்கம் மூட்டம். மழை இல்லை. எங்கள் பெட்டைநாய் வெள்ளச்சி பருவத்துக்கு வந்து ஒன்பது நாள். நாலு நாளில் சேர்த்தாக வேண்டும். மாப்பிள்ளை ரெடி: ஸ்ரீவில்லிபுத்தூர் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியின் நாய் துரை. ஆனால் இரண்டும் சொந்தமா என்று பார்க்காமல் சேர்க்கப் பயம். போன ஈத்தில் சொந்தத்துக்குள் சேர்த்து, இரண்டு குட்டி செவிடு. ஒன்றை யாரும் வாங்கவில்லை. நான் சொல்வது காதில் விழாத ஜீவன் வீட்டில் இப்போது, மனைவியையும் சேர்த்து, இரண்டு.

வம்ச விவரமெல்லாம் ஒரு டாஸ் புரோகிராமில், விண்டோஸுக்கு முந்தைய காலத்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த திமிரில் நானே எழுதியது. பழைய கம்ப்யூட்டர் போன மாதம் புகைவிட்டு மண்டையைப் போட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. மகளின் புது லேப்டாப்பில் விண்டோஸ் 11. டாஸ் ஓடாது என்று கையை விரித்துவிட்டது.

5, புதன்.
மைத்துனன் செல்வம் வந்தான். மில்லில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். யோசித்தவை:
விண்டோஸ் 98. சி.டி. இருக்கிறது, அதன் சாவி எண் அழிந்துபோயிற்று.
ஃப்ரீடாஸ். இலவச டாஸ், இதற்கென்றே பிறந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் புது லேப்டாப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
லினக்ஸ், அதற்குள் டாஸ் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ். செல்வத்தின் கட்சி.

"லினக்ஸ்தான் அத்தான். சொன்னாக் கேளுங்க."
"ஏலே, ஒரு நாய்க்கு மாப்ள பாக்க இம்புட்டு விசாரணையா?"
அடுப்படியிலிருந்து என் மனைவி: "எனக்குப் பாக்கும்போது இதுல பாதி விசாரிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."
செல்வம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அவளுக்குத் தம்பிதானே.

6, வியாழன்.
பரணில் கிடந்த என் பழைய லேப்டாப்பில் செல்வம் லினக்ஸ் போட்டு, பிழைத்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டினான். பதினொன்றரைக்குப் புரோகிராம் திறந்துவிட்டது! நீலத்திரை, மஞ்சள் எழுத்து. துரையின் அம்மா, நான் அண்ணாச்சிக்கு விற்ற குட்டி. அவளுடைய அப்பா: எங்கள் பழைய ஆண்நாய் ராஜா. வெள்ளச்சியின் அப்பாவும் ராஜா. ஆக, துரைக்கு வெள்ளச்சி சித்தி முறை.

"முடிஞ்சுது அத்தான். வேற மாப்ள பாப்போம்."

பிறகுதான் உறைத்தது. துரையின் அம்மா பிறந்த ஈத்துக்கு அப்பன் ராஜா இல்லை. பின்சுவர் ஏறிக் குதித்த தெருநாய். குட்டி விலைபோக வேண்டுமே என்று நான்தான் ராஜா பேரைத் தட்டினேன். மறந்தே போச்சு. எந்த சிஸ்டம் போட்டாலும் தட்டியதைத்தானே காட்டும்.

ஆக, சொந்தம் இல்லை, சேர்க்கலாம். ஆனால் சேர்க்குமுன் அண்ணாச்சி வம்ச விவரம் கேட்பார், அதில் இரண்டு பக்கமும் ராஜா பேர். அவரிடம் சொல்லாமல் எப்படி? வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும். வெள்ளச்சிக்குக் குட்டி கிடையாது.

7, வெள்ளி.
பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர். அண்ணாச்சி வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். முழுசாகச் சொன்னேன். வயரைச் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினார்.
"குட்டி வாலப் பாத்தப்பவே தெரியும்வே. நீரா வந்து எப்பச் சொல்லுவீருன்னுதான் இருந்தேன்."
"கோவம் இல்லையே அண்ணாச்சி?"
"இருக்கு. அதான் காப்பி குடிக்கீரான்னு கேக்கல. நாளைக்குத் துரையக் கூட்டிட்டு வாரேன். தெருப்பக்கத்துக் கேட்டயே தொறந்து வையும், எங்க ஆளு சுவரேறி வரமாட்டான்."